ஃபேன் இல்லாத ஊரில் கரண்ட் பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் வேலை முடிந்து டீ வரும்போது இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கொடைக்கானலில் காட்டேஜ் வைத்திருப்பவர்கள் போனில் கேட்பதும் இதுவேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

எங்க வீட்ல ஃபேனே கிடையாது, ஏசி கிடையாது. அப்புறம் எப்படிண்ணா இவ்ளோ பில்?

சமவெளியில் கரண்ட் சாப்பிடுவது ஃபேனும் ஏசியும். மேலே சாப்பிடுவது சூடு. தண்ணீரைச் சூடாக்குவது, அறையைச் சூடாக்குவது, இந்த இரண்டு போக மீதியெல்லாம் சில்லறைதான். பத்து எல்இடி பல்பு, டிவி, ஃபோன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்து மிச்சம் பிடிப்பதை, பாத்ரூமில் ஒருவர் பத்து நிமிஷம் ஷவரில் நின்றால் காலி செய்துவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் பக்கெட் ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.65 யூனிட் ஆகும். கோயம்புத்தூரில் தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால் அதே பக்கெட்டுக்கு 0.3 யூனிட் போதும். நாலு பேர் ஆளுக்கு ஒரு பக்கெட் குளித்தால் நாளுக்கு 2.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 156. ஷவர் என்றால் நிமிஷத்துக்கு 8 லிட்டர் வைத்தால்கூட பத்து நிமிஷத்தில் 80 லிட்டர், அதாவது நாலு பேர் பக்கெட்டில் குளிக்கிற கரண்ட் ஒருத்தருக்கே போகிறது.

போன தடவை 1,700 சில்லறைதான். இந்தத் தடவை பத்துப் பதினஞ்சு யூனிட்தான் அதிகம், 2,000 தாண்டிடுச்சு. மீட்டர்ல கோளாறா?

பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் இருக்கும், நீங்கள் 500ஐத் தாண்டியிருப்பீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அது 2016லிருந்து இருக்கிறது. மொத்தம் 500க்குள் முடித்தால் 101 முதல் 200 வரைக்கும் பாதி விலை. 501 ஆனதும் அந்தப் பாதி விலைச் சலுகை மொத்தமாகப் போய்விடும், மேலே போகிற யூனிட்டுக்கும் விலை ஏறும்.

2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். 500 யூனிட்டுக்கு: 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 வீதம், அடுத்த 200 யூனிட் 4.50 வீதம், கடைசி 100 யூனிட் 6 வீதம், மொத்தம் 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு: 100 இலவசம், 300 யூனிட் 4.50 வீதம், 100 யூனிட் 6 வீதம், கடைசிப் பத்து 8 வீதம், மொத்தம் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது, ஆனால் இந்த 500 படிக்கட்டு அப்படியே இருந்தது. உங்கள் பில் வரும் நேரத்துக் கட்டணத்தை மின்வாரியத்தின் இணையதளத்தில் யூனிட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கீழே பல பதில்களில் இந்த 500 திரும்பத் திரும்ப வரும், அதனால் இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் சரியா ஓடுதான்னு நாமளே பாக்க முடியுமா?

முடியும். மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஒரு எண் இருக்கும். அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2000 வாட் கீசரை மட்டும் போடுங்கள். 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு 107 தடவை சுமாராக மினுக்க வேண்டும், 1600 என்றால் 53. வோல்டேஜ் குறைவாக இருக்கும் நேரத்தில் எண்ணிக்கையும் குறையும், அதனால் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது பாருங்கள். எண்ணிக்கை சுமாராக ஒத்துவந்தால் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

இன்னொன்று, போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற சின்ன பிரேக்கர் ஸ்விட்ச், அதுதான் எம்சிபி, எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிகிறது, அல்லது உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாருக்கோ லைன் போகிறது. பழைய பங்களாக்களைப் பிரித்துக் கட்டிய வீடுகளில் இந்த இரண்டாவது விஷயத்தை நிறையப் பார்க்கலாம். பக்கத்து அவுட்ஹவுஸின் மோட்டார் இங்கே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

ரீடிங் எடுக்க ஒரு வாரம் லேட்டா வந்தாங்க. அந்த ஒரு வார யூனிட்டும் சேந்து 500 தாண்டுனா யார் பொறுப்பு?

இது நியாயமான கோபம்தான். வெள்ளை அட்டையில் போன ரீடிங் தேதி இருக்கும், அதிலிருந்து 60 நாள் ஆகிற அன்று மீட்டரைத் தேதி தெரிகிற மாதிரி ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அன்று 480, அவர்கள் வந்த அன்று 530 என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் ஒன்றும் நடக்காது. படம் இல்லாமல் போனாலும் ஒன்றும் நடக்காது.

ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மியா எடுக்கும்னு கடைக்காரர் சொல்றார், உண்மையா?

இல்லை. கம்பி சிவக்கிற ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் எல்லாமே ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். ஆயில் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருப்பதால் அறை சூடானதும் நின்று நின்று ஓடும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும், காற்று வறளாது, குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பாதுகாப்பு. இதெல்லாம் நல்ல காரணங்கள். பில் அதில் சேராது.

2000 வாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட். ராத்திரி நாலு மணி நேரம், இரண்டு மாதம்: 480 யூனிட். வேறு எதுவுமே ஓடவில்லை என்றாலும் 500 வாசலில் நிற்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இந்த மலையில் பில்லைக் குறைக்க மிகச் சுலபமான வழி, அறையைச் சூடாக்குவதை விட்டு ஆளைச் சூடாக்குவதுதான். எலக்ட்ரிக் பிளாங்கெட் 100 வாட் சுற்றி இருக்கும், ராத்திரி முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட்டுக்குள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குக் கம்பி சிவக்கிற சின்ன ஹீட்டர் போதும், அது நேராக மேலே படும், 400 வாட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கதவு அடியில் இருக்கிற இடைவெளியையும், தகரக் கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் இல்லாத அறையையும் பாருங்கள். சூடு போகிற வழி அதுதான்.

நிஜமாகவே கரண்டைக் குறைவாக எடுத்துச் சூடு தருவது ஒன்று இருக்கிறது, குளிர், சூடு இரண்டும் தருகிற இன்வெர்ட்டர் ஏசி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுத்துப் போடுவதால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். விலைதான் அதிகம். வருஷம் முழுக்க ஆள் தங்குகிற அறைக்குச் சரி, எப்போதோ வருகிற விருந்தாளிக்கு வேண்டாம்.

கரி அடுப்ப ரூம்குள்ள வச்சுக்கிட்டா கரண்டும் மிச்சம், சூடும் நல்லா வருதே?

வேண்டவே வேண்டாம். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். புகைபோக்கி உள்ள கணப்பு வேறு, வாணலியில் கரி போட்டு உள்ளே கொண்டுவருவது வேறு. பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுகிற கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு. அதை வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும்.

இன்ஸ்டன்ட் கீசர் போட்டேன், தண்ணி வெதுவெதுன்னுதான் வருது. பீஸ் மட்டமா?

பீஸில் குறையில்லை, அது கீழே இருக்கிற ஊருக்குச் செய்த பீஸ். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 27 டிகிரித் தண்ணீரை 40 ஆக்கி நிமிஷத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் தரும். நம் 12 டிகிரித் தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர்தான் முடியும். குழாயை நூல் மாதிரி திறந்தால் சூடு வரும், முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பு. சமையலறைச் சிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்தான் இங்கே சரி.

ஸ்டோரேஜ் கீசர எப்பவும் ஆன்லயே வைக்கிறது நல்லதா, தேவைப்படும்போது போடுறது நல்லதா?

தேவைப்படும்போது. சூடாகி நிற்கிற தொட்டி சும்மா இருந்தாலே நாளுக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை விடும், பாத்ரூம் குளிராக இருக்க இருக்க இன்னும் கொஞ்சம் கூடும். குளிக்கப் போவதற்கு அரை மணி முன்னால் போட்டு, குளிக்கும்போது அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 50 பக்கம் வையுங்கள், 70ல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதில் தொட்டியும் குழாயும் வெளியே விடுகிற சூடுதான் கூடும்.

வோல்டேஜ் 180தான் வருது. பில்லாவது கம்மியாகும்ல?

ஆகாது. 180 வோல்ட்டில் 2000 வாட் கீசர் 1200 வாட் அளவுக்குத்தான் இழுக்கும், ஆனால் அதே தண்ணீரைச் சூடாக்க அவ்வளவு நேரம் கூடுதலாக ஓடும். யூனிட் ஏறத்தாழ ஒன்றேதான். மோட்டாரும் ஃபிரிட்ஜும் இன்னும் மோசம், குறைந்த வோல்டேஜில் கரண்ட் அதிகமாக இழுத்துச் சூடாகி காயில் கருகும். ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் அவசியம். கீசருக்குத் தேவையில்லை, காசு வீண்.

லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு, அதுவும் எஸ்டேட் தாண்டி ஒரு மேட்டில் தனியாக இருந்தால், சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லோரும் ஹீட்டர் போட்டதும் வோல்டேஜ் இறங்கும். உங்கள் வீட்டில் மட்டும் இறங்குகிறதா, பக்கத்து வீட்டிலுமா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் ஒயரின் ஜாயின்ட் பாசி பிடித்துக் கருகியிருக்கும். எல்லோருக்கும் என்றால் ட்ரான்ஸ்பார்மர் விஷயம், கூட்டாக எழுதிக் கொடுங்கள்.

பைக்காரா, குந்தான்னு கரண்டே நம்ம ஊர்லதான் எடுக்குறாங்க. நமக்கே கட் பண்றது என்ன நியாயம்?

பைக்காரா 1930களிலிருந்து ஓடுகிறது, குந்தா கனடா உதவியோடு வந்தது, இரண்டும் நிஜம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு நீரேற்று மின்திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே எடுக்கிற கரண்ட் உயர் அழுத்தக் கம்பியில் நேரே மாநிலத் தொகுப்புக்குப் போகிறது. உங்கள் வீட்டுக்கு வருவது துணைமின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் லைனில் சோலைக்குள்ளும் தேயிலைக்குள்ளும் சுற்றிச் சுற்றி. கற்பூர மரமோ சீகையோ ஒரு கிளை அதன் மேல் விழுந்தால் அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்து என்ன.

2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் வரை வந்ததே, அப்போதெல்லாம் மரத்தை அறுத்துத் தள்ளி, கம்பத்தைத் தலையில் சுமந்து நட்டுத்தான் கரண்ட் வர வேண்டும். பராமரிப்புக்காக முன்கூட்டி அறிவிக்கிற கட் வேறு, அது பேப்பரில் வந்துவிடும். அறிவிக்காமல் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்குப் போன் செய்து சர்வீஸ் நம்பரோடு பதிவு செய்யுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடாதீர்கள், மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அப்ப இன்வெர்ட்டர் போட்டா கீசரும் ஓடுமா?

ஓடாது, ஓட்ட முயற்சி செய்யவும் வேண்டாம். 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் கணக்குக்கு 1.8 யூனிட் இருக்கும், கைக்குக் கிடைப்பது 1.2 போல. ஐந்து எல்இடி, டிவி, இன்டர்நெட் ரூட்டர் சேர்த்து நூறு வாட் சுற்றி என்றால் பத்து மணி நேரம் வரும். கீசர் போட்டால் அரை மணிகூட வராது, அதற்குள் இன்வெர்ட்டரே கை தூக்கிவிடும்.

குளிரில் ஆசிட் பேட்டரி கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கும், அதனால் வராந்தாவில் வைக்காமல் வீட்டுக்குள் காற்றோட்டமான மூலையில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் கட் ஆகிற கூடலூர், பந்தலூர் பக்கம் பெரிய பேட்டரியைவிடச் சின்ன ஜெனரேட்டர் உபயோகம். ஆனால் ஒரு நிபந்தனை, ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைப் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கரண்ட் ட்ரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக லைனுக்குப் போகும். அங்கே கம்பத்தின் மேல் ஒருவர் உங்களுக்காகத்தான் வேலை செய்துகொண்டிருப்பார்.

மழைக்காலம் வந்தா ஆர்சிசிபி சும்மா சும்மா விழுது. எடுத்துட்டு நேரா குடுத்துடலாமா?

கூடாது. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுவதுதான் அதன் வேலை. இங்கே ஜூன் வந்தால் சுவரே நனைந்திருக்கும், கேட் லைட், மொட்டை மாடி பிளக் பாயின்ட், பழைய கீசர் காயில் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கண்டுபிடிக்க: எல்லா எம்சிபியையும் இறக்கி, பிளக்கில் சொருகியிருப்பதை எல்லாம் கையால் உருவிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றுங்கள், எதில் விழுகிறதோ அந்த லைன். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, நியூட்ரல் வழியாகக் கசிந்தாலும் விழும், அதனால்தான் உருவச் சொன்னேன். கேட் லைட் பெட்டியைத் திறந்தால் பாதி நேரம் உள்ளே தண்ணீரும் செத்த பூச்சியும் இருக்கும்.

சோலார் போடலாமா? இங்கதான் பாதி வருஷம் மிஸ்ட்டாச்சே.

உங்கள் யூனிட்டைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் ஓட்டுகிறவர் என்றால் 100 இலவசம், அடுத்தது மலிவு, போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். 700, 800 ஓட்டுகிற வீடாக இருந்தால் சோலார் முதலில் கழிப்பது உச்சி விலை யூனிட்டை, கூடவே 500க்குக் கீழே இறக்கிவிட்டால் மேலே சொன்ன சலுகையும் திரும்பி வரும். மத்திய அரசின் 2024 சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

மிஸ்ட் பற்றி: ஜனவரி முதல் மார்ச் வரை நம் வெயில் கீழே இருக்கிறவர்களுக்கே கிடைக்காத வெயில், பேனல் குளிர்ச்சியாக இருந்தால் கூடுதலாகவே தரும். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் தாராளமாக வரும். ஜூலையில் மேற்குச் சரிவில், நடுவட்டம், மஞ்சூர் பக்கம், ஒரு யூனிட் வந்தால் பெரிசு. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர்தான் மோசம். அதைவிட முக்கியம் நிழல். பள்ளத்தாக்கில் இருக்கிற வீட்டுக்கு மூன்றரை மணிக்கே மலை நிழல் விழும், தோட்டத்துச் சில்வர் ஓக் காலையில் மறைக்கும். ஒரு நாள் முழுக்கக் கூரையைக் கவனித்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

சோலார் இருக்கு, வெயிலும் அடிக்குது, ஆனா ஈபி கட் ஆனா வீடும் இருட்டாகுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. பேட்டரி இல்லாத, ஈபியோடு சேர்த்து ஓடுகிற சோலார், லைன் போனதும் தானே நின்றுவிட வேண்டும். ஜெனரேட்டர் பதிலில் கம்பத்தின் மேல் ஒருவர் என்று சொன்னேனே, அவருக்காகத்தான். கரண்ட் கட் ஆனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சோலார் விற்கிறவர்கள் இதை முன்னாலேயே சொல்வதில்லை, அதுதான் எரிச்சல்.

சோலார் வாட்டர் ஹீட்டர் குழாய் டிசம்பர்ல வெடிச்சுருச்சு, என்ன செய்ய?

தலைக்குந்தா, காந்தல் மாதிரி உறைபனி விழுகிற இடத்தில் தட்டைப் பலகை வகையில் செம்புக் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்து விரிந்துவிடும். கண்ணாடிக் குழாய் வகை இந்தக் குளிருக்குப் பரவாயில்லை. ஆனால் எந்த வகையானாலும் மாடிக்கு ஏறுகிற, இறங்குகிற பைப்புக்கு இன்சுலேஷன் சுற்ற வேண்டும்.

இண்டக்ஷனா, கேஸா, எது லாபம்?

ஒரு சிலிண்டர் செய்கிற சமையலுக்கு இண்டக்ஷனில் சுமாராக 130 யூனிட் ஆகும். அந்த 130 எந்தப் படியில் விழுகிறது என்பதுதான் பதில். மேலே சொன்ன 2022 கட்டணத்தில் 4.50 படியில் விழுந்தால் 600 ரூபாய்க்குள், கரண்ட் லாபம். ஏற்கெனவே 500 தாண்டிய வீட்டில் 8, 9 படியில் விழுந்தால் ஆயிரத்தைத் தாண்டும், கேஸ் லாபம். எதில் சமைத்தாலும் ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வைக்காதீர்கள், குக்கர்தான்.

மூணு குடித்தனம், ஒரே மீட்டர். ஓனர் யூனிட்டுக்கு பத்து ரூபா வாங்குறார், கேட்டா பில்லைக் காட்டுறார்.

பில் உண்மையாகத்தான் இருக்கும், ஏனென்றால் மூன்று வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுகிறது. ஆளுக்கு 250 ஓட்டினாலும் மீட்டருக்கு 750. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள குடித்தனம் என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஓனர் கையெழுத்து வேண்டும். அவருக்கு ஒரு தடவைச் செலவு, உங்களுக்கு ஒவ்வொரு பில்லிலும் மிச்சம், ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகிறோம் என்று பேசிப் பாருங்கள். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இலவச 100ஐ இரண்டு தடவை வாங்க இரண்டு மீட்டர் கேட்பது வேறு கதை, அதற்கு என்னிடம் வழி கேட்காதீர்கள்.

த்ரீ பேஸ் மாத்துனா பில் குறையுமாமே?

யூனிட் விலை ஒன்றுதான், குறையாது. சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைக்கும்தான். இரண்டு கீசர் ஒன்றாகப் போட்டாலே அது நிறைந்துவிடும், அதற்காக மாற்றுங்கள். மாற்றினால் நியூட்ரல் ஜாயின்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன், ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். த்ரீ பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பேஸில் 300, 350 வோல்ட் ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகப் போகும்.

வீட்டு இணைப்புலயே ரெண்டு ரூம சீசனுக்கு வாடகைக்கு விடுறேன். யாருக்குத் தெரியப் போகுது?

ஆன்லைனில் படத்தோடு விளம்பரம் போட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் தெரியும். வாங்கிய காரணத்தை விட்டு வேறு காரியத்துக்கு இணைப்பை ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் வரும். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கு, பொருந்துகிற கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம். ஒரு சீசன் வருமானம் அதிலேயே போய்விடும்.

ஆகவே உங்கள் தங்குமிடத்துக்கு எந்த வகைக் கட்டணம் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாடகை அறைகளுக்குத் தனி மீட்டர் வைத்தால் உங்கள் சொந்த வீட்டு யூனிட் 500க்குள் நிற்கும். விருந்தாளி ராத்திரி முழுக்க ஹீட்டர் போடுவதைத் தடுக்க முடியாது என்று புலம்புகிறவர்களுக்கு: ஹீட்டருக்குத் தனி வாடகை என்று புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள், கட்டிலில் இரண்டு கம்பளி கூடுதலாக வையுங்கள். பாதிப் பேர் ஹீட்டர் கேட்கவே மாட்டார்கள்.